மிராபிலிஸ் வயலட்டை இனங்காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் இலையுதிர் காடுகளில் வசந்தம் தொடங்கியதும் என்னிடம் படங்கள் வரத் தொடங்கிவிடும். எல்லாப் படத்திலும் ஊதாநிறப் பூ ஒன்று முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கேள்வியும் ஒன்றேதான்: "இது அந்த அரிய வயலட்டா?" பெரும்பாலான நேரங்களில் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடிவதில்லை. அதற்கு வேண்டிய அடையாளங்கள் பூவின் முகத்தில் இல்லை. கீழே, பின்னால், தண்டில், இரண்டு மாதம் கழித்து வரும் காயில் இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஊதா நிறத்தில் காட்டில் பூப்பதெல்லாம் வயலட்தானா?

இல்லை. நிறத்தை மறந்துவிட்டு வடிவத்தைப் பாருங்கள். வயலட் பூவில் ஐந்து இதழ்கள் இருக்கும்: மேலே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, கீழே ஒன்று. கீழிதழின் அடிப்பகுதி பூவுக்குப் பின்னால் ஒரு சிறு பைபோல நீண்டிருக்கும். அதை இனிப் 'பின்குழல்' என்று சொல்கிறேன். தேன் அதற்குள்தான் சேர்கிறது. பூவைத் தாங்கும் பச்சைப் புல்லியிதழ்கள் ஐந்து. ஒவ்வொன்றும் தான் ஒட்டியிருக்கும் இடத்தைத் தாண்டிப் பின்பக்கமாகவும் சிறு காதுபோல நீண்டிருக்கும். இந்த இரண்டும் இருந்தால் அது வயோலா பேரினத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் அதில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

வீட்டு ஜன்னலில் தொட்டியில் வளர்க்கும் 'ஆப்பிரிக்க வயலட்' பெயரில் மட்டுமே வயலட். அது வேறொரு தாவரக் குடும்பம், பின்குழலும் கிடையாது.

ஓரிதழ் தாமரையும் வயலட் குடும்பம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பேரினம் வேறு, குடும்பம் ஒன்று. ஓரிதழ் தாமரையில் கீழிதழ் மட்டும் பெரிதாக விரிந்திருக்கும். மற்ற நான்கும் மிகச் சிறியவை. பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே இதழாகத் தெரிவதால் அந்தப் பெயர். அந்தச் செடியை உற்றுப் பார்த்துப் பழகியவருக்கு வயலட் பூவின் அமைப்பைத் தனியாக விளக்கவே வேண்டியதில்லை: மற்ற நான்கு இதழ்களையும் பெரிதாக்கிக்கொண்டால் போதும்.

பான்சியையும் வயலட்டையும் எப்படிப் பிரிப்பது?

இரண்டும் வயோலாதான். பான்சி வகையில் பக்கவாட்டு இதழ்கள் மேல்நோக்கி நிற்கும். அதாவது நான்கு மேலே, ஒன்று கீழே. வயலட்டில் அவை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இரண்டு மேலே, மூன்று கீழே. அடர்ந்த காட்டுக்குள் நீங்கள் பார்ப்பது ஏறக்குறைய எப்போதும் வயலட்தான். பான்சி வகைகளுக்கு வெயில் வேண்டும்.

நீங்கள் எல்லாரும் தேடும் அந்த அரிய வயலட் எது? எங்கே வளர்கிறது?

வயோலா மிராபிலிஸ். சுண்ணாம்புச் சத்தும் மக்கிய இலைகளும் நிறைந்த மண்ணில், பீச், ஓக், ஹேசல் போன்ற இலையுதிர் மரங்களின் அடியில் வளரும். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வழியாகக் கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது.

'அரியது' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். தன் பரப்பின் நடுப்பகுதியில், ஏற்ற மண் இருக்கும் காடுகளில், இது கூட்டமாகவே வளரும். பரப்பின் விளிம்புக்குப் போகப்போக ஒரு சரிவு, ஒரு பள்ளத்தாக்கு என்று சுருங்கிவிடும். பிரிட்டனின் காடுகளில் இயல்பாக வளர்வதே இல்லை. எனவே 'அரிய செடி' என்று கேள்விப்பட்டதும், எந்த இடத்தில் அரிது என்று கேளுங்கள்.

அதற்கு ஏன் 'வியப்புக்குரிய' என்று பெயர் வைத்தார்கள்? பார்க்க அப்படி ஒன்றும் வியப்பாக இல்லையே.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மிராபிலிஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு வியக்கத்தக்கது என்று பொருள். 1753ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரைப் பதிப்பித்தார். வியப்பு பூவின் அழகில் இல்லை, அது பூக்கும் முறையில் இருக்கிறது.

வசந்தத்தின் தொடக்கத்தில், மரங்கள் முழுதாகத் தழைக்கும் முன், தரையை ஒட்டிய இலைக்கொத்திலிருந்து நேரடியாக நீண்ட காம்புகள் எழுந்து, வெளிர் ஊதாநிறத்தில் மணமுள்ள பூக்களைத் தரும். அந்த அழகிய பூக்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. பிறகு செடியின் உருவமே மாறுகிறது. தண்டு ஒன்று மேலெழுகிறது. தலைக்கு மேலே காடு தழைத்து நிழல் அடர்ந்த பிறகு, அந்தத் தண்டின் இலைக்கக்கங்களில், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் மடிப்புகளில், மொட்டுப் போன்ற சிறு பச்சைப் பூக்கள் தோன்றுகின்றன. அவை திறப்பதே இல்லை. இதழ் இல்லை, மணம் இல்லை, தேனீ வர வேண்டியதும் இல்லை. மூடிய பூவுக்குள்ளேயே மகரந்தம் சூலகத்தை அடைகிறது. விதைகளில் பெரும்பங்கு இவற்றிலிருந்தே வருகிறது. இவற்றை 'மூடுமலர்' என்பார்கள்.

மற்ற வயலட் இனங்கள் பலவற்றிலும் மூடுமலர்கள் உண்டு. ஆனால் பூத்தும் காய்க்காத அழகும், பூக்காமலே காய்க்கும் எளிமையும் இவ்வளவு தெளிவாக இரண்டு வேறு இடங்களில், இரண்டு வேறு காலங்களில் பிரிந்து நிற்பதை நான் பார்த்தது இந்த ஒரு செடியில்தான். வசந்தத்தில் மட்டும் பார்த்தவர் இதைப் பாதிதான் பார்த்திருக்கிறார்.

செடி முன்னால் குனிந்துவிட்டேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பூக்காம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று. விரலால் காம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே போங்கள். அது தரையிலுள்ள இலைக்கொத்தில் முடிந்தால் 'தண்டில்லா' வகை: வயோலா பேரினத்தின் ஒடோராட்டா, ஹிர்ட்டா, பாலுஸ்ட்ரிஸ் ஆகிய இனங்கள். இலைகள் உள்ள ஒரு தண்டின் நடுவில் முடிந்தால் 'தண்டுள்ள' வகை: அதே பேரினத்தின் ரைக்கன்பாக்கியானா, ரிவினியானா, கனினா, ருப்பெஸ்ட்ரிஸ் ஆகியவை.

மிராபிலிஸ் இங்கேதான் ஆளை ஏமாற்றும். ஏப்ரலில் பார்த்தால் தண்டில்லா வகை. ஜூனில் பார்த்தால் தண்டுள்ள வகை. வழிகாட்டி நூலின் முதல் கேள்வியிலேயே தவறான பக்கம் திரும்பிவிடுவார்கள். அதனால் இரண்டாவதாகப் புல்லியிதழின் நுனியைப் பாருங்கள். ஒடோராட்டா, ஹிர்ட்டா, பாலுஸ்ட்ரிஸ் மூன்றிலும் நுனி மழுங்கி உருண்டிருக்கும். மிராபிலிஸில் அது கூர்மையானது. தரையிலிருந்து எழும் பூ, கூர்மையான புல்லியிதழ் இரண்டும் சேர்ந்திருந்தால் நீங்கள் சரியான செடிக்கு முன்தான் குனிந்திருக்கிறீர்கள் என்று நம்பத் தொடங்கலாம்.

நிறத்தை வைத்தே சொல்லிவிட முடியாதா?

முடியாது. மிராபிலிஸ் வழக்கமாக வெளிறியது. ஒடோராட்டா வழக்கமாக அடர் ஊதா. ஆனால் ஒடோராட்டாவில் முழு வெள்ளைப் பூக்கள் சாதாரணமாகவே வரும். ரிவினியானாவில் வெளிர் நீலம் முதல் ஊதா வரை பல சாயல்கள் உண்டு. போதாக்குறைக்கு, கேமராக்கள் நீலத்தையும் ஊதாவையும் மாற்றிக் காட்டுவதில் பெயர் போனவை.

இலையடிச் செதிலைப் பார் என்கிறீர்கள். எனக்கு அப்படி எதுவும் தென்படவில்லையே?

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் சிறு இலைத்துணுக்குகள் இருக்கும். அவைதான் இலையடிச் செதில்கள். காய்ந்த இலைச் சருகை விலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் சிறு லென்ஸ் இருந்தால் நல்லது. என்னைக் கேட்டால் வயலட் இனங்காணலில் பாதி வேலை இங்கே முடிந்துவிடுகிறது.

ரிவினியானாவிலும் ரைக்கன்பாக்கியானாவிலும் செதில்கள் ஒடுங்கி, ஓரங்களில் நூல்நூலாகப் பிரிந்திருக்கும். சேலை முந்தானையின் குஞ்சம் போல. மிராபிலிஸில் செதில்கள் அகன்றவை, ஓரம் பிளவுபடாதது, விளிம்பில் மெல்லிய முடிகள் மட்டும் இருக்கும். அடியிலுள்ளவை பழுப்பேறியிருக்கும், தண்டின் மேற்பகுதியில் உள்ளவை பச்சையாக இருக்கும். குஞ்சம் தெரிந்தால் அது மிராபிலிஸ் இல்லை.

தண்டில் ஒரே வரிசை முடி என்பது என்ன?

மிராபிலிஸின் மிக நம்பகமான அடையாளம் அது. தண்டின் நான்கு பக்கமும் முடி இருக்காது; ஒரு பக்கத்தில் மட்டும், கோடு கிழித்தாற்போல, மேலிருந்து கீழாக ஒரு வரிசை முடி ஓடும். தண்டை வெளிச்சத்துக்கு எதிராக மெல்லச் சாய்த்தால் அந்தக் கோடு மின்னும். தண்டு எழுந்த பிறகுதான் இதைப் பார்க்க முடியும் என்பது ஒன்றே குறை. இரண்டு முறை போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகர்ந்து பார்த்தேன். முதலில் மணந்தது, மறுபடி முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. என் மூக்கில் கோளாறா?

கோளாறு இல்லை. வயலட் மணத்தின் முக்கியப் பகுதி அயோனோன் என்னும் சேர்மங்கள். அவை மூக்கின் உணர்வைச் சிறிது நேரம் மங்கச் செய்துவிடும். சற்று விலகி நின்றுவிட்டுத் திரும்பினால் மணம் மீண்டும் வரும். எனவே முதல் மூச்சில் கிடைத்ததை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடையாளமாக மணத்துக்கு ஓரளவு மதிப்பு உண்டு. ஒடோராட்டாவும் மிராபிலிஸும் மணக்கும். ஹிர்ட்டா, ரிவினியானா, ரைக்கன்பாக்கியானா மூன்றும் மணக்காது. ஆனால் குளிர்ந்த காலையில், வாடிய பூவில், மணமுள்ள இனமும் மணக்காமல் போகலாம். மணம் இருந்தால் சான்று. இல்லாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒடோராட்டாவும் ஹிர்ட்டாவும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

ஓடுதண்டைத் தேடுங்கள். ஒடோராட்டா தரைமேல் ஓடுதண்டுகளை அனுப்பி, ஆங்காங்கே வேர்விட்டு, பாய்போலப் பரவும். ஹிர்ட்டாவுக்கு ஓடுதண்டு கிடையாது. தனித்தனிக் கொத்தாக நிற்கும். ஹிர்ட்டாவின் இலைக்காம்பில் முடிகள் நீண்டு வெளிநோக்கி விறைத்திருக்கும். ஒடோராட்டாவில் அவை குட்டையாகக் கீழ்நோக்கிப் படிந்திருக்கும். ஹிர்ட்டாவின் இலை அகலத்தைவிட நீளம் அதிகம். அது வெயில்படும் புல்வெளிகளையும் காட்டு ஓரங்களையும் விரும்பும். மணம் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

ரிவினியானா, ரைக்கன்பாக்கியானா: இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். காட்டில் நீங்கள் பார்க்கும் வயலட்டுகளில் மிகப் பலவும் இவைதான். இவற்றைப் பழகிக்கொண்டால்தான் வேறான ஒன்று எதிர்ப்படும்போது கண் நிற்கும். அரியதைத் தேடிப் போகிறவர்கள் சாதாரணமானதைக் கற்காமல் போவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். ரிவினியானாவின் பின்குழல் தடித்து, இதழைவிட வெளிறி, பெரும்பாலும் வெண்மையாக இருக்கும். நுனியில் சிறு பள்ளம் விழுந்திருக்கும். ரைக்கன்பாக்கியானாவின் பின்குழல் ஒடுங்கி, இதழைவிட அடர்ந்த நிறத்தில் இருக்கும். நுனியில் பள்ளம் இருக்காது. அடுத்து, புல்லியிதழின் பின்பக்கக் காதுகள். ரிவினியானாவில் அவை 2 முதல் 3 மி.மீ. வரை நீண்டு, காய் முற்றும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். மற்றதில் அவை மிகக் குட்டை. ரிவினியானாவின் இதழ்கள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படியும். ரைக்கன்பாக்கியானாவின் இதழ்கள் ஒடுங்கி இடைவெளி விட்டு நிற்கும். ஒரே காட்டில் இரண்டும் இருந்தால் ரைக்கன்பாக்கியானா சற்று முன்பே பூத்துவிடும்.

பெயர்களின் பின்னால் ஒரு சிறு சங்கிலி இருக்கிறது. லைப்ஸிக் நகரத் தாவரவியலாளர் ரிவினஸை நினைவுகூர்ந்து, ஜெர்மானியத் தாவரவியலாளர் ரைக்கன்பாக் 1823ல் ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தார். பிற்பாடு அதன் நெருங்கிய உறவுக்கு ரைக்கன்பாக்கின் பெயரையே வைத்தார்கள். இரண்டு பெயர்களும் இன்று எல்லா நூல்களிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. செடிகளும் காட்டில் அப்படியே நிற்கின்றன.

காட்டை ஒட்டிய மற்ற இடங்களில் பார்ப்பவை?

சேறும் பாசியுமான இடத்தில் வட்டமான இலையும், கரும் நரம்போடிய வெளிர் இதழும் இருந்தால் பாலுஸ்ட்ரிஸ். சுண்ணாம்புச் சத்தில்லாத திறந்த புல்தரையில், நீண்ட இலை, நீல இதழ், மஞ்சள் சாய்ந்த பின்குழல் இருந்து, தரையில் இலைக்கொத்தே இல்லாவிட்டால் கனினா. வெயில் காயும் சுண்ணாம்புப் பாறையோரத்தில், உடல் முழுக்க மிக நுண்ணிய முடியோடு குள்ளமாக இருந்தால் ருப்பெஸ்ட்ரிஸ்.

கோடையில்தான் காட்டுக்குப் போக முடிந்தது. பூவே இல்லை. இனி அடுத்த ஆண்டுதானா?

கோடை மிராபிலிஸுக்கு நல்ல காலம். 10 முதல் 30 செ.மீ. வரை உயர்ந்த தண்டு, நீளத்துக்கு இணையாகவோ அதைவிடவோ அகன்ற இதய வடிவ இலைகள், மேலே சொன்ன முடிக்கோடு, அகன்ற செதில்கள், இலைக்கக்கத்தில் மூடுமலர்கள் என எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும். இளம் இலைகள் இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு புனல்போல நிற்பதையும் கவனியுங்கள்.

காயும் பேசும். மிராபிலிஸின் காய் முடியில்லாமல், நுனி கூர்ந்து, நிமிர்ந்த காம்பில் இருக்கும். முற்றியதும் மூன்று மடல்களாக விரியும். ஒவ்வொரு மடலும் காய்ந்து சுருங்கும்போது விதைகளை இறுக்கிப் பிதுக்கி எறியும். ஒடோராட்டாவிலும் ஹிர்ட்டாவிலும் காய் உருண்டு, முடியோடு, தரையில் படுத்துக் கிடக்கும். அவை விதையை எறிவதில்லை. விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் வந்து இழுத்துப் போகும்.

பூவில்லாத இலையைப் பார்க்கும்போது வேறு செடிகளோடு குழம்ப வாய்ப்பு அதிகம். அசாரம் என்னும் காட்டுச் செடிக்கும் சிறுநீரக வடிவ இலைதான். ஆனால் அது தடித்துப் பளபளக்கும். பூண்டுக்கடுகின் இளம் இலையைக் கசக்கினால் பூண்டு மணக்கும். இரண்டிலும் இலையடிச் செதில் கிடையாது. ஐயம் வந்தால் மறுபடி அந்தச் செதிலையே தேடிப் பாருங்கள்.

எல்லா அடையாளமும் பாதிப் பாதி பொருந்துகிறது. என்ன செய்வது?

கலப்பினமாக இருக்கலாம். ரிவினியானாவும் ரைக்கன்பாக்கியானாவும் சேர்ந்து வளரும் இடத்தில் கலப்புச் செடிகள் அடிக்கடி தோன்றும். ரைக்கன்பாக்கியானாவின் குரோமோசோம்கள் 20, ரிவினியானாவில் வழக்கமாக 40. இவற்றின் பிள்ளைக்கு 30 வரும். அவை சரியாக இணைசேர முடியாததால் மகரந்தமும் விதையும் பெரும்பாலும் சூம்பிப்போகும். மிராபிலிஸுக்கும் 20தான். அதுவும் ரிவினியானாவோடு கலப்பதுண்டு.

எனவே கோடையில் திரும்பிப் போய்க் காய்களைப் பாருங்கள். செடி செழித்து, பூ ஏராளமாக இருந்தும் காய்கள் வெறுமையாக இருந்தால் கலப்பினம் என்ற ஐயம் வலுக்கும். அப்போதும் குறிப்பேட்டில் 'வயோலா, இனம் உறுதியில்லை' என்று எழுதுவதில் தாழ்வு எதுவும் இல்லை. தவறான பெயரோடு பதிவான ஓர் அரிய செடி, பின்னால் வருகிறவர்களைப் பல ஆண்டுகள் வீணாகத் தேட வைக்கும்.

கைப்பேசிச் செயலி 'மிராபிலிஸ்' என்கிறது. நம்பலாமா?

தொடக்கக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக வேண்டாம். பூவின் முகத்தை மட்டும் காட்டும் படத்தில் இதுவரை நாம் பேசிய அடையாளங்கள் ஏறக்குறைய எதுவுமே இல்லை. மனிதரும் செயலியும் ஊகிக்கத்தான் முடியும்.

ஒரு செடிக்கு ஆறு படம் எடுங்கள்: பின்குழலும் புல்லியிதழும் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, பூக்காம்பின் அடி ஒன்று, இலையடிச் செதில் அருகிலிருந்து ஒன்று, தண்டு ஒன்று, இலையின் இரு பக்கமும் சேர்த்து ஒன்று, சுற்றியுள்ள மரங்களோடு ஒன்று. எதையும் பறிக்காமலேயே இவ்வளவும் எடுக்கலாம்.

அத்தனை இருக்கிறதே, ஒரே ஒரு செடியைப் பெயர்த்து வந்து வளர்த்தால் என்ன?

வேண்டாம். பல பகுதிகளில் சட்டமே தடுக்கும். சட்டம் இல்லாத இடத்திலும் வேண்டாம். அந்த மண்ணும், வசந்தத்தில் வெளிச்சமும் கோடையில் நிழலுமான அந்தக் காலக் கணக்கும் சேர்ந்ததுதான் அந்தச் செடி. வயலட்டை நம்பி வாழ்கிற உயிர்களும் உண்டு. ஆர்கினிஸ் பாஃபியா என்னும் பெரிய காவிநிற வண்ணத்துப்பூச்சி, வயலட்டுகள் வளரும் இடத்துக்கு அருகிலுள்ள மரப்பட்டையில் முட்டையிடும். புழுக்கள் கீழே இறங்கி வந்து வயலட் இலையைத் தின்று வளரும். மிகச் சிறிய கூட்டமாக இருந்தால் அதன் துல்லியமான இடத்தையும் ஊரறிய அறிவிக்காதீர்கள். ஆர்வத்தோடு வருகிறவர்களின் காலடியே அந்தச் சரிவை அழித்துவிடும்.

பல ஆண்டுகளாகப் பூத்த இடம். இந்த வசந்தத்தில் ஒரு பூகூட இல்லை. அழிந்துவிட்டதா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குள் ஒரு பதற்றம் எழும். ஆனாலும் உடனே அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே கிளைகள் நெருங்கி நிழல் மிகுந்தால் திறந்த பூக்கள் குறையும். மான் மேய்ந்திருந்தால் மொட்டே இருக்காது. செடி அடியில் உயிரோடு இருக்கலாம், மூடுமலர்களால் விதைத்துக்கொண்டும் இருக்கலாம்.

ஜூன் மாதத்தில் மறுபடி போங்கள். சருகை விலக்கி அகன்ற செதிலைத் தேடுங்கள், தண்டில் முடிக்கோட்டைத் தேடுங்கள், இலைக்கக்கத்தில் அந்தச் சிறு பச்சை மொட்டுகளைத் தேடுங்கள். அவை இருந்தால், எத்தனை தண்டுகள் என்று எண்ணித் தேதியோடு குறித்துவையுங்கள். காட்டைப் பராமரிப்பவரிடம் பேசி, அந்த இடத்துக்கு மேலே ஒன்றிரண்டு கிளைகளைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

எதுவும் தென்படாவிட்டாலும் 'இல்லை' என்று தேதியோடு எழுதிவிட்டு, அடுத்த ஏப்ரலில் ஒருமுறையும் ஜூனில் ஒருமுறையும் அதே சரிவுக்குப் போய்ப் பாருங்கள்.